வளைந்த வானத்தில் ஒரு நேர்கோடு

ஒரு வெள்ளைத் தாளில் அளவுகோலை வைத்து ஒரு கோடு போடுங்கள். தேங்காய் துருவி முடித்த கொட்டாங்கச்சி ஒன்றின் உட்புறத்தில் அந்தத் தாளை ஒட்டப் பாருங்கள். தாள் மடியும், சுருங்கும், ஓரத்தில் கிழியும். எப்படியோ ஒட்டிவிட்டாலும் நீங்கள் போட்ட நேர்கோடு அங்கே இருக்காது. வாழையிலையைக் கிண்ணத்துக்குள் அழுத்திப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். தட்டையாகப் பிறந்த பொருள் குழிவுக்குள் படியாது.

1980-களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டரால் படம் வரைந்துகொண்டிருந்த சிலர் இதே சிக்கலில் வந்து மாட்டினார்கள். அவர்கள் முன்னால் இருந்த கொட்டாங்கச்சி இருபது மீட்டருக்கு மேல் அகலமானது. அதற்குள் சில நூறு பேர் இருக்கையில் சாய்ந்து, தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஐமேக்ஸ் என்னும் மாபெரும் திரை முறை 1970-ல் ஜப்பானின் ஒசாகா உலகக் கண்காட்சியில் அறிமுகமானது. அந்தத் திரை தட்டையானது. அதே ஃபிலிமைக் கொண்டு குவிமாடத்தின் உட்புறத்தை நிரப்பும் முறைக்கு ஓம்னிமேக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், ரூபன் ஃப்ளீட் விண்வெளி அரங்கில், 1973-ல் முதல் ஓம்னிமேக்ஸ் திரை வந்தது. 70 மில்லிமீட்டர் ஃபிலிம் புரொஜெக்டரில் படுக்கைவாட்டில் ஓடும். ஒரு சட்டகத்துக்கு 15 துளைகள். நொடிக்கு 24 சட்டகம் என்றால் நிமிடத்துக்கு 100 மீட்டருக்கும் மேல் ஃபிலிம் ஓட வேண்டும். சாதாரண புரொஜெக்டரைப் போலத் துளையில் பல்லை மாட்டி வெட்டி வெட்டி இழுத்தால் ஃபிலிம் கிழிந்துவிடும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரான் ஜோன்ஸ் கண்டுபிடித்த உபாயத்தில், கம்பளிப்பூச்சி முதுகை வளைத்து நகர்வதுபோல, ஃபிலிம் ஓர் அலையாக எழும்பி அடுத்த இடத்தில் படியும். நடுவில் உட்கார்ந்திருப்பவருக்குப் படம் இடவலமாக 180 டிகிரியும், கண்மட்டத்துக்கு மேலே 100 டிகிரியும், கீழே 22 டிகிரியும் விரியும். கண்ணின் ஓரத்தில்கூடத் திரையின் விளிம்பு தட்டுப்படாது.

அந்த ஃபிலிமில் ஒரே ஒரு சட்டகத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் உலகம் கோணலாக இருக்கும். தொடுவானம் வில்லாக வளைந்திருக்கும். ஓரத்துக் கட்டடங்கள் நடுவை நோக்கிச் சாய்ந்திருக்கும். மீன்கண் லென்ஸ் வழியாக எடுத்த படம் அப்படித்தான் இருக்கும். திரையிடும் புரொஜெக்டரிலும் மீன்கண் லென்ஸ்தான். ஒரு லென்ஸ் வளைத்ததை இன்னொரு லென்ஸ் நிமிர்த்திவிடும், குவிமாடத்தில் தொடுவானம் நேராகிவிடும். ஆகவே கேமராவோடு போனவர்களுக்குப் பெரிய கவலை இல்லை.

கம்ப்யூட்டருக்கு லென்ஸ் கிடையாது. அதற்குத் தெரிந்தது ஜன்னல் மட்டும்தான்.

இந்த ஜன்னலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கண்ணாடி முன்னால் நின்று, வெளியே தெரியும் மரத்தையும் வீட்டையும் கண்ணாடி மேலேயே மையால் வரைவதாக வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் வரைகலை தொடக்கத்திலிருந்து செய்துவந்தது இதைத்தான். இதில் ஒரு பெரிய வசதி உண்டு. வெளியே நேராக இருக்கும் விளிம்பு கண்ணாடியிலும் நேராகவே விழும். ஆகவே ஒரு கம்பத்தை வரைய அதன் இரு முனைகள் எங்கே விழுகின்றன என்று மட்டும் கணக்குப் போட்டால் போதும், நடுவில் கோட்டை இழுத்துவிடலாம். வேகம் முழுக்க இந்தச் சிக்கனத்திலிருந்துதான் வந்தது. ஆனால் பார்வையை அகலமாக்க அகலமாக்க ஜன்னல் பெரிதாக வேண்டும். 90 டிகிரிக்கு அது ஓரளவு பெரிய ஜன்னல். 150 டிகிரிக்குச் சுவரையே அடைத்துவிடும். 180 டிகிரியைப் பார்க்க வேண்டுமானால் கண்ணாடி முடிவே இல்லாமல் நீள வேண்டும். குவிமாடம் கேட்பதோ அந்த 180 டிகிரியைத்தான். மீன்கண் சட்டகத்தில் இரு முனைகளைக் கண்டுபிடித்து நடுவில் கோடு இழுத்தாலோ, திரையில் அந்தக் கம்பம் வளைந்து நிற்கும்.

முதலில் தப்பித்தவர்கள் நட்சத்திரம் வரைந்தவர்கள். புள்ளிக்கு வளையும் தொல்லை இல்லையே. கோளரங்கங்களில் 1923 முதல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் செய்த கருவியே வழிகாட்டி: துளைகள் நிறைந்த உலோகக் கோளம், உள்ளே விளக்கு. அருமையான கருவி, ஆனால் அது காட்டியது பூமியிலிருந்து தெரியும் வானத்தை மட்டும். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் டேவிட் எவன்ஸும் ஐவன் சதர்லண்டும் தொடங்கிய நிறுவனம் டிஜிஸ்டார் என்ற கருவியைச் செய்து, 1983-ல் ரிச்மண்ட் நகரில் வர்ஜீனியா அறிவியல் அருங்காட்சியகத்தில் நிறுவியது. பழைய ரயில் நிலையக் கட்டடத்தில் இயங்கும் அருங்காட்சியகம் அது. குவிமாடத்தின் விட்டம் சுமார் 23 மீட்டர். டிஜிஸ்டாரின் உள்ளே ஒரு படக்குழாய், அதன் மேல் மீன்கண் லென்ஸ். தொலைக்காட்சியைப் போல வரிவரியாகத் திரையை நிரப்பாமல், எங்கே நட்சத்திரம் வேண்டுமோ அங்கே மட்டும் மின்னணுக் கற்றை போய்ப் புள்ளி வைக்கும். ஒவ்வொரு நட்சத்திரமும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற கணக்கு நினைவகத்தில் இருந்ததால், பூமியை விட்டுக் கிளம்பி நட்சத்திரங்களுக்கு நடுவே பயணம் போக முடிந்தது. கோளரங்கத்தில் அதுவரை யாரும் பார்க்காத காட்சி அது. 1982-ல் வந்த ‘ஸ்டார் ட்ரெக் 2’ படத்தின் தொடக்கத்தில் நகரும் விண்மீன் கூட்டம் இந்தக் கருவியால் வரையப்பட்டதுதான்.

ஆனால் டிஜிஸ்டாரால் ஒரு பரப்பை வண்ணம் பூசி நிரப்ப முடியாது. புள்ளியும் கோடும்தான் அதன் கைவசம். கோட்டைக்கூடச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்து, ஒவ்வொரு முனையையும் தனியாக வளைத்து வைத்தால்தான் குவிமாடத்தில் நேராகத் தெரியும். மலை, கடல், முகில், ஒளிபட்டு மின்னும் பந்து என்று முழுமையான உருவங்கள் வேண்டுமென்றால் ஃபிலிமுக்குத்தான் போக வேண்டியிருந்தது.

1984 ஜூலையில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் கம்ப்யூட்டர் வரைகலைஞர்களின் ஆண்டு மாநாடான சிக்கிராஃப் நடந்தது. பக்கத்து நகரமான செயின்ட் பாலில், மினசோட்டா அறிவியல் அருங்காட்சியகத்தில் ஓம்னிமேக்ஸ் அரங்கு ஒன்று ஏற்கெனவே இருந்தது. அந்தத் திரைக்காகப் பல ஆய்வுக்கூடங்களும் நிறுவனங்களும் ஆளுக்கொரு துண்டு செய்துகொடுத்து ‘தி மேஜிக் எக்’ என்ற படத்தை உருவாக்கின. அதே மாநாட்டில்தான் லூகாஸ்ஃபிலிம் குழு, பின்னாளில் பிக்ஸார் ஆன குழு, ஆண்ட்ரே என்ற பையனும் ஒரு தேனீயும் வரும் குறும்படத்தை அரைகுறையாக முடிந்த நிலையில் காட்டியது. தேனீப் படத்தை இன்று எல்லா வரலாற்று நூல்களும் சொல்கின்றன. முட்டைப் படம் வல்லுநர்களின் நினைவோடு நின்றுவிட்டது. அதன் தரம் காரணம் என்று நான் நினைக்கவில்லை. தேனீப் படத்தை எந்தத் திரையிலும் போட்டுப் பார்க்கலாம். குவிமாடப் படத்தை வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டால் அது வளைந்த, நசுங்கிய ஒரு வட்டம். ஒரு கலையை அது பிறந்த கட்டடத்துக்கு வெளியே எடுத்துப் போக முடியாமல் போனால் அது எவ்வளவு எளிதாக மறக்கப்படும் என்பதற்கு இதைவிட வருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி அந்தக் காலத்தின் அழகான யோசனை ஒன்றுக்கு வருவோம். நியூயார்க் தொழில்நுட்பக் கல்லூரியின் வரைகலைக் கூடத்தைச் சேர்ந்த நெட் கிரீனும் பால் ஹெக்பர்ட்டும் 1986-ல் அதை விரிவாக எழுதினார்கள். ஒரு ஜன்னலால் 180 டிகிரியைப் பார்க்க முடியாதா, சரி, பல ஜன்னல் வைத்துக்கொள்வோம். பார்ப்பவரைச் சுற்றி ஒரு கண்ணாடிப் பெட்டி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு முகம், இடம் வலம் ஒவ்வொன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று, பின்னால் ஒன்று. ஒவ்வொரு முகமும் சரியாக 90 டிகிரி ஜன்னல். கம்ப்யூட்டருக்குப் பழக்கமான வேலை. நேர்கோடுகள் நேராகவே விழும், பழைய நிரல்களை மாற்ற வேண்டியதில்லை. ஆறு படங்களும் தயாரானதும் அடுத்த கட்டம்: ஓம்னிமேக்ஸ் சட்டகத்தின் ஒவ்வொரு பிக்சலிடமும் போய், ‘நீ குவிமாடத்தில் எந்தத் திசையில் விழப்போகிறாய்?’ என்று கேட்க வேண்டும். அந்தத் திசையில் ஒரு கம்பியை நீட்டினால் அது பெட்டியின் ஏதோ ஒரு முகத்தைக் குத்தும். குத்திய இடத்து நிறமே அந்த பிக்சலின் நிறம்.

சொல்வதற்கு எளிது. குத்திய இடத்து ஒற்றைப் புள்ளியின் நிறத்தை மட்டும் எடுத்தால் படம் கெட்டுவிடும் என்பதுதான் வேதனை. ஒரு பிக்சல் ஒரு புள்ளி அல்ல, அதற்கு ஒரு பரப்பு உண்டு. அந்தச் சிறு வட்டப் பரப்பைப் பெட்டியின் முகத்தில் நிழலாக விழவைத்தால், டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாகத் தரையில் அடித்ததுபோல நீள்வட்டமாக விழும். முகத்தின் நடுவில் கிட்டத்தட்ட வட்டம், மூலையில் நன்றாக இழுபட்ட நீள்வட்டம். அந்த நீள்வட்டத்துக்குள் அடங்கும் எல்லா நிறங்களையும், நடுவில் இருப்பதற்கு அதிக எடையும் ஓரத்துக்குக் குறைந்த எடையும் கொடுத்து, சராசரி எடுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் விளிம்புகள் படிக்கட்டாகத் தெரியும், அசையும்போது எறும்பு ஊர்வதுபோல நமநமவென்று மினுங்கும்.

அந்த மினுங்கல் சிறு திரையில் பொறுத்துக்கொள்ளத்தக்கது. குவிமாடத்தில் எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 23 மீட்டர் விட்டமுள்ள குவிமாடத்தில் ஒரு பக்கத்திலிருந்து உச்சி வழியாக மறுபக்கம் வரை அளந்தால் 36 மீட்டர் வரும். அந்த 36 மீட்டரில் 2,000 பிக்சல்களைப் பரப்பினால் ஒரு பிக்சலின் அகலம் 1.8 சென்டிமீட்டர். நம் ஊர் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் சிறியது. அத்தனை பெரிய சில்லுகளைக் கோத்துச் செய்த வானம் யாரையும் ஏமாற்றாது. 4,000-க்குப் போனால் 9 மில்லிமீட்டர். அகலம் 4,000, உயரம் 3,000 என்று வைத்தால் சட்டகத்துக்கு 1.2 கோடி பிக்சல். அக்காலத் தொலைக்காட்சிச் சட்டகத்துக்கு மூன்று லட்சம் இருந்தால் தாராளம். நாற்பது மடங்கு வேலை. ஒரு சட்டகத்துக்கு ஒரு மணி நேரம் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், திரையில் ஒரே ஒரு நிமிடம் ஓடும் 1,440 சட்டகங்களுக்கு இரவும் பகலும் நிறுத்தாமல் 60 நாள் ஆகும்.

பெட்டி யோசனை பின்னர் வேறு வீட்டுக்கு வாழப் போனது. 1999-ல் வந்த ஜீஃபோர்ஸ் 256 என்ற வரைகலைச் சில்லில் அது வன்பொருளாகவே பதிக்கப்பட்டது. வீடியோ கேமில் ஓடும் காரின் பளபளப்பில் மேகமும் கட்டடமும் வழுக்கிக்கொண்டு போகிறதே, அது சுற்றுப்புறத்தை ஆறு முகப் பெட்டியாக வைத்துக்கொண்டு செய்யும் வித்தைதான். உலகத்தை இப்படிப் பெட்டியாக்கும் முறையை நெட் கிரீன் அதே 1986-ல் இன்னொரு கட்டுரையில் விளக்கியிருந்தார்.

கணக்கு ஒரு பக்கம் இருக்க, குவிமாடத்துக்கே சில பிடிவாதங்கள் உண்டு. தட்டைத் திரையில் பட்ட ஒளி பார்ப்பவரை நோக்கி வந்துவிடும். குவிமாடத்தில் இடப்பக்கம் பட்ட ஒளி எதிரே உள்ள வலப்பக்கத்தின் மேலும் போய் விழும். ஒரு மூலையில் வெள்ளை முகில் வந்தால் எதிர்மூலையின் கறுப்பு சாம்பலாக வெளுத்துவிடும். இதைக் குறைக்கவே குவிமாடத் திரைக்குப் பளிச்சென்ற வெள்ளையைவிட மங்கலான பூச்சு பூசுகிறார்கள். படம் பெரும்பாலும் இருட்டாக இருந்தால்தான் ஆழமும் தெளிவும் கிடைக்கும்.

அடுத்த பிடிவாதம் வேகம். ஒரு பறவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இரண்டு நொடியில் பறப்பதாக வரைந்தால், 48 சட்டகத்தில் 36 மீட்டரைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு சட்டகத்துக்கும் முக்கால் மீட்டர் தாவும். கண்ணுக்கு அது பறப்பதாகத் தெரியாது, விட்டுவிட்டுத் தோன்றும் பல பறவைகளாகத் தெரியும். கூடவே உடம்பின் எதிர்ப்பும் உண்டு. ரயில் நிலையத்தில் பக்கத்து ரயில் கிளம்பும்போது நம் ரயில் நகர்வதாக ஒரு கணம் திடுக்கிடுகிறோம் அல்லவா? கடைக்கண்ணில் விழும் அசைவை மூளை தன் அசைவாக எடுத்துக்கொள்வதால் வருவது அது. கடைக்கண் முழுவதையும் நிரப்பும் திரையில் இந்த மயக்கம் பல மடங்கு. தொடுவானத்தைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், ஜனங்கள் இருக்கையின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்வார்கள். கண் ‘சாய்கிறோம்’ என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘இல்லை’ என்கிறது. குமட்டல் வந்துவிடும்.

இத்தனையையும் கூட்டிப் பார்த்தால் தொடக்கக்கால குவிமாட அனிமேஷன்கள் திரும்பத் திரும்ப ஏன் விண்வெளிக்கும் மூலக்கூறுகளுக்குமே போயின என்பது புரியும். பின்னணி கறுப்பு. கோணலைக் காட்டிக்கொடுக்கும் சுவரோ கம்பமோ இல்லை. எல்லாம் உருண்டை. எல்லாம் மெதுவாக மிதக்கும். அறிவியல் அருங்காட்சியகங்களில் இந்த அரங்குகள் இருந்ததும் ஒரு காரணம்தான், ஆனால் கதையைத் தேர்ந்தெடுத்ததில் குவிமாடத்துக்கே பெரிய பங்கு இருந்தது என்று நான் சொல்வேன்.

உருண்டைகளின் ஆள் ஒருவர் இந்தக் கதையில் உண்டு. பெயர் நெல்சன் மேக்ஸ். அடிப்படையில் கணிதக்காரர். ஒரு கோளத்தைக் கிழிக்காமல், மடிப்பு விழாமல், தன்னையே ஊடுருவிச் செல்ல மட்டும் அனுமதித்து, உள்ளே வெளியே புரட்ட முடியும் என்று ஸ்டீபன் ஸ்மேல் 1950-களில் நிரூபித்திருந்தார். எப்படிப் புரட்டுவது என்று மனக்கண்ணால் பார்த்தவர்களில் முக்கியமானவர் பெர்னார் மொரான் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர். அவர் சிறுவயதிலேயே பார்வை இழந்தவர். பெர்க்லியில் சார்லஸ் பியூ என்பவர் அந்தப் படிநிலைகளைக் கம்பிவலையில் உருவங்களாகச் செய்தார். நெல்சன் மேக்ஸ் அந்த வலைகளை அளந்து எண்களாக்கி, கம்ப்யூட்டரில் ஏற்றி, 1976-ல் அந்தப் புரட்டலை ஒரு படமாக்கினார். பார்வையற்றவர் மனத்தில் கண்ட வடிவம், கம்பிவலை வழியாக, எண் வழியாக, எல்லோர் கண்ணுக்கும் வந்து சேர்ந்தது. இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

பிறகு அவர் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் மூலக்கூறுகளை நிழலும் பளபளப்புமாக வரையும் நிரல்களை எழுதினார். க்ரே-1 என்ற மீக்கணினியில் அந்திக்கடலின் அலைகளை வரைந்தார். 1983-ல் ஐமேக்ஸ், ஓம்னிமேக்ஸ் திரைகளுக்குப் படத்தை எப்படி வளைத்துக் கணக்கிட வேண்டும் என்று கட்டுரை எழுதினார். கோளத்தின் உள்ளை வெளியாக்கியவர், இப்போது ஒரு கோளத்தின் உட்புறத்தில் படம் போடும் வேலைக்கு வந்திருந்தார்.

1985-ல் ஜப்பானின் சுகுபா நகரில் உலகக் கண்காட்சி. ஃபுஜித்சு நிறுவனத்தின் அரங்கில் ‘வீ ஆர் பார்ன் ஆஃப் ஸ்டார்ஸ்’, நட்சத்திரங்களிலிருந்து பிறந்தவர்கள் நாம் என்ற பொருளில், சுமார் 11 நிமிடப் படம் ஒன்று ஓடியது. ஐமேக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான ரோமன் க்ராய்ட்டரும் நெல்சன் மேக்ஸும் அதில் முக்கியமானவர்கள். நட்சத்திரங்களுக்குள் அணுக்கருக்கள் உருவாவதில் தொடங்கி, சூரியக் குடும்பம், தண்ணீர் மூலக்கூறு, டி.என்.ஏ. சுருள் என்று படம் போகும். இதற்குப் பின்னால் ஒசாகா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கோயிச்சி ஓமுரா 1982-ல் கட்டிய லிங்க்ஸ்-1 என்ற கம்ப்யூட்டரின் உழைப்பு இருந்தது. நுண்செயலிகள் நூற்றுக்கணக்கில் அதில் ஒன்றாக வேலை செய்தன. ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓர் ஒளிக்கதிரை அனுப்பி அது எதில் படுகிறது என்று பின்தொடரும் முறை அவர்களுடையது. இந்த முறைக்கு ஜன்னலும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். திசை எதுவானாலும் கதிரை அந்தத் திசையில் அனுப்பினால் போதும், குவிமாடத்தின் வளைவு தானாகவே கணக்கில் வந்துவிடும். நேரம்தான் மலையாகத் தின்னும். ஆனால் ஒரு பிக்சலின் கணக்கு பக்கத்து பிக்சலைக் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. நாற்று நடும்போது ஆளுக்கொரு வரிசை பிடித்து இறங்குவதுபோல வேலையைப் பிரித்துக்கொடுத்துவிடலாம். ஆள் கூடக்கூட வயல் சீக்கிரம் முடியும்.

அந்தப் படம் முப்பரிமாணத்திலும் இருந்தது. தட்டைத் திரையில் முப்பரிமாணப் படம் பார்க்கும்போது, நம் முன்னால் மிதக்கும் பொருள் திரையின் விளிம்பைத் தொட்டதும் வெட்டுப்பட்டு மாயம் கலைந்துவிடும். குவிமாடத்தில் விளிம்பே கண்ணுக்கு எட்டாது. மூலக்கூறு மூக்குக்கு முன்னால் வந்து நின்றாலும் அதை வெட்ட எதுவும் இல்லை. தொல்லை வேறிடத்தில். இரு கண்ணுக்கும் இரு படத்தைப் பிரித்தனுப்ப, முனைவாக்கிய ஒளியைப் பயன்படுத்துவது வழக்கம். குவிமாடத்தின் பூச்சு அந்த ஒளியின் ஒழுங்கைக் குலைத்துவிடும். ஆகவே சிவப்பு, நீலக் கண்ணாடிக்குப் போனார்கள். ஒரு கண்ணுக்கான படம் சிவப்பில், மற்றதற்கானது நீலத்தில், இரண்டும் ஒரே ஃபிலிமில். ஆழம் கிடைத்தது, வண்ணங்கள் போயின.

இன்னொரு நுணுக்கம் உண்டு. இரண்டு கேமராவை இடமும் வலமுமாகப் பக்கத்தில் நிறுத்திப் படமெடுத்தால் நேரே முன்னால் இருப்பதற்கு ஆழம் சரியாக வரும். குவிமாடத்தில் ஜனங்கள் தலையைத் திருப்பிப் பக்கவாட்டிலும் பார்ப்பார்கள். அந்தத் திசையிலிருந்து பார்த்தால் ஒரு கேமரா மற்றதற்கு நேர் பின்னால் நிற்கிறது, ஆழம் செத்துவிடும். கேமராவால் இதற்கு எதுவும் செய்ய முடியாது. கம்ப்யூட்டரால் முடியும்: ஒவ்வொரு திசைக்கும், தலை அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் கண்கள் எங்கே இருக்குமோ அங்கிருந்து கதிரை அனுப்பலாம். உண்மையான எந்தக் கேமராவும் நிற்க முடியாத இடத்தில் நின்று எடுத்த படம் அது.

வண்ணத்தோடு குவிமாட முப்பரிமாணம் வந்தது ஐந்து ஆண்டு கழித்து, 1990-ல், ஒசாகாவின் மலர்த் தோட்டக் கண்காட்சியில். படத்தின் பெயர் ‘எக்கோஸ் ஆஃப் தி சன்’. இலை ஒளியைப் பிடித்து உணவாக்குவதையும், அந்த ஆற்றல் தசையில் அசைவாவதையும் சொன்ன படம். இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் தனித்தனி ஃபிலிம் மாறி மாறி ஒளிர, அகச்சிவப்புச் சமிக்ஞையைக் கேட்டு மூக்குக்கண்ணாடியின் திரவப் படிக வில்லைகள் மாறி மாறித் திறந்து மூடின.

1998-ல் ஹூஸ்டனிலும், 2000-ல் நியூயார்க்கின் புதுப்பித்த ஹேடன் கோளரங்கத்திலும் ஃபிலிம் இல்லாமலே பல வீடியோ புரொஜெக்டர்கள் சேர்ந்து குவிமாடத்தை நிரப்பத் தொடங்கின. இன்று இந்தத் துறையில் இருப்பவர்கள் சதுரத்துக்குள் அடங்கிய வட்டப் படத்தைத்தான் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். 4,096 பிக்சல் அகலம் சாதாரணம், பெரிய அரங்குகளில் 8,192. நம் 23 மீட்டர் குவிமாடத்தில் அந்த 8,192-ஐப் பரப்பினால் ஒரு பிக்சல் 4.4 மில்லிமீட்டர். நடுவில் உட்கார்ந்திருப்பவரின் கண் பதினொன்றரை மீட்டர் தொலைவில் பிரித்தறியக்கூடிய அளவு ஏறத்தாழ 3.3 மில்லிமீட்டர். இன்னும் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே பாக்கி இருக்கிறது.